ஹட்லி கலமா, ஹட்லி சுற்றா?

புவியியல் ஆசிரியை, கிளிநொச்சி:
எல்லோருக்கும் வணக்கம். உயர்தரப் பிள்ளைகளுக்கான பயிற்சிக் கையேடு திங்கள் காலை அச்சகத்துக்குப் போகிறது. அமுக்க வலயப் பாடத்தில் ஒரு சொல் இடிக்கிறது. மத்தியகோட்டருகே சூடேறிய வளி மேலெழுந்து, உயரத்தில் துருவப் பக்கம் போய், 30 பாகை அகலக்கோட்டளவில் கீழிறங்கி, நிலத்தோடு வியாபாரக் காற்றாகத் திரும்பி வருகிறதே, அந்த முழு ஓட்டத்துக்கும் 'ஹட்லி கலம்' என்று எழுதி வருகிறோம். சாதாரண தர விஞ்ஞானம் இன்னும் மறக்காத ஒரு பிள்ளை, உயிர்க்கலம் என்று நினைத்து, படத்தின் நடுவில் கருவும் சுற்றிவரக் கலச்சுவரும் கீறி வைத்திருக்கிறாள். வேறு சொல் உண்டா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வவுனியா:
கலம் என்றால் பாத்திரம், மரக்கலம், அணிகலம். காற்றை அடைத்து வைக்க மேலே பாத்திரம் ஏது? புறநானூறு 30இல் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் 'வளி திரிதரு திசை' என்று பாடிவிட்டார். 'திரிவளி' என்று வையுங்கள். வளி என்ற சொல்லே வளைவுப் பொருள் தரும் 'வள்' என்ற வேரில் பிறந்தது என்பது என் நெடுநாள் எண்ணம். வளை, வளார், வளையம், வளாகம் என்று எத்தனை! ஆகவே 'வலயம்' என்ற வடசொல்லையும் விட்டு 'அமுக்க வளையம்' என்று எழுதலாம். ஹகரமும் வேண்டாம், 'அட்லி' போதும்.

மொழிபெயர்ப்பாளர், மல்லாவி:
ஐயா, அட்லி என்றால் பிள்ளைகள் சினிமா இயக்குநரைத்தான் நினைப்பார்கள். திரிவளியும் சரிவராது. எங்கள் ஊரில் வேலையில்லாதவன் திரிவான், பால் திரியும். சூட்டினால் நடப்பதுதானே, 'வெப்பச்சுற்று' என்றால் என்ன?

புவியியல் ஆசிரியை:
ஹட்லிக்குப் பொருந்தும், அதற்குத் துருவப் பக்கமாக அடுத்திருக்கும் பெரல் கலத்துக்குப் பொருந்தாது. அது குளிர்ந்த 60 பாகைப் பக்கம் எழுந்து, சூடான 30 பாகைப் பக்கம் இறங்குகிறது. நேரே வெப்பம் ஓட்டுகிற சுற்று அல்ல அது. 1735இல் இதை எழுதிய ஜோர்ஜ் ஹட்லி, தொழிலில் சட்டத்தரணி, துருவம் வரைக்கும் ஒரே சுற்று என்றே எண்ணினார். இப்போது ஓர் அரைக்கோளத்துக்கு மூன்று. மூன்றுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும்.

கடற்றொழிலாளர், முல்லைத்தீவு:
காற்றுக்கா பெயர் இல்லை? கச்சான், சோளகம், கொண்டல், வாடை என்று இருக்கிறதே. தென்பாதி உலகத்து வியாபாரக் காற்று மத்தியகோட்டைத் தாண்டியதும், பூமி சுழல்வதால் வலப்பக்கம் திரும்பித் தென்மேலாக வருவதுதான் எங்கள் சோளகம் என்று மகள் படித்துக் காட்டினாள். இரண்டு பாதிக் காற்றும் சந்திக்கிற ஒருங்கல் வலயம் எங்கள் தலைக்கு மேலால் போகும்போதுதான் சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடியும் மழையும். இந்தப் பெயர்களையே பாடத்தில் போடலாமே?

புவியியல் ஆசிரியை:
போடுகிறேன் அண்ணை, பயிற்சி வினாவில். ஆனால் இவை நிலமட்டத்துக் காற்றின் பெயர்கள். எழுந்து, போய், இறங்கி, திரும்பும் வட்டத்துக்கு ஊரில் பெயர் இல்லை. அதை யாரும் முகத்தில் உணர்ந்ததில்லை. (கச்சான் காற்றுக்கும் கச்சான் கடலைக்கும் உறவு உண்டா என்று நேற்றிரவு வந்த மடல்களுக்கு நான் பதில் எழுதப் போவதில்லை.)

மொழிபெயர்ப்பாளர்:
'வளிமண்டலச் சுற்றோட்டம்' ஏற்கெனவே பாடநூலில் இருக்கிறது. அதன் பகுதிதான் இது. ஹட்லி சுற்று, பெரல் சுற்று, துருவத்தருகே இருப்பது முனைவுச் சுற்று. முடிந்தது.

புவியியல் ஆசிரியை:
பரீட்சைத் தாளில் 'கலம்' வந்தால் பிள்ளைகள் முழிப்பார்கள். முதல் முறை 'ஹட்லி சுற்று (கலம்)', அப்புறம் சுற்று மட்டும். இன்றிரவு வரை மறுப்பு வராவிட்டால் அப்படியே அனுப்புகிறேன்.

கடற்றொழிலாளர்:
சரி.

தமிழாசிரியர், வவுனியா:
சுற்று என்பது உதைபந்தாட்டப் போட்டிக்கு உரியது. எனக்கு உடன்பாடில்லை, பதிவில் இருக்கட்டும். வளையம் பற்றி இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.