பார்க்கின் மரபணு கெட்டால் மூளையில் புரதம் குவியுமா?

தக்கலை_மாணவி:
வணக்கம். எம்.எஸ்சி. பயோடெக் படிக்கிறேன். குளச்சலில் இருக்கும் என் மாமாவுக்கு நாற்பது வயது கூட ஆகவில்லை, அதற்குள் பார்கின்சன் என்று சொல்லிவிட்டார்கள். வலை முடையும்போது கை நடுங்கி நூல் நழுவுகிறது, சாயங்காலமானால் இடது கால் விரல்கள் உள்ளே மடங்கிக்கொள்கின்றன, தூங்கி எழுந்தால் கொஞ்ச நேரம் பரவாயில்லை. பார்க்கின் மரபணுவின் இரண்டு பிரதியும் கெட்டிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. யூபிக்விட்டின் என்ற அடையாளப் புரதம் ஒட்டிய புரதம், செல்லில் புரதங்களை உடைக்கும் இயந்திரமான புரோட்டியசோமில் போய் உடையும் என்றுதான் நான் படித்திருக்கிறேன். அப்படியென்றால் உடையாத புரதம் குவிந்துதான் இந்த நோயா? போர்டிசோமிப் என்று புரோட்டியசோம் மருந்து ஒன்று இருக்கிறதே, அது உதவுமா? மாமி பிள்ளைகளை நினைத்து அழுதுகொண்டே இருக்கிறார்.

ஆய்வக_அண்ணன்:
தங்கச்சி, அந்த மருந்தை நினைக்கவே வேண்டாம். போர்டிசோமிப் புரோட்டியசோமை முடக்குகிற மருந்து, 2003-ல் மல்டிபிள் மைலோமா என்ற புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அதுவே கை கால் நரம்புகளைப் பாதிக்கக்கூடியது.

நீ படித்தது சரி, ஆனால் பாதிதான். யூபிக்விட்டின் 76 அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதம். இ1, இ2, இ3 என்ற நொதிகள் கைமாற்றிக் கைமாற்றி அதை ஒட்டுகின்றன, எதில் ஒட்டுவது என்று தேர்வு செய்வது இ3, பார்க்கின் அப்படி ஒரு இ3. யூபிக்விட்டின் மேல் யூபிக்விட்டினாகச் சரம் நீளும்போது அதன் 48ஆவது அமினோ அமிலமான லைசின் வழியாக நீண்டால் பெரும்பாலும் புரோட்டியசோம்தான், 63ஆவது லைசின் வழியாக நீண்டால் டிஎன்ஏ பழுதுபார்ப்பு, சிக்னல் என்று வேறு வேலைகள். செல்லுக்கு ஆற்றல் தருகிற மைட்டோகாண்ட்ரியா கெட்டுப்போனால் பிங்க்1 என்ற நொதி அதன்மேல் சேர்ந்து யூபிக்விட்டினின் 65ஆவது அமினோ அமிலமான செரினில் பாஸ்பேட் ஒட்டும், அதைப் பிடித்துத்தான் பார்க்கின் முழுசாக விழிக்கும். பிறகு மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வுப் புரதங்களில் யூபிக்விட்டினை அடுக்கும், அந்த மைட்டோகாண்ட்ரியா அப்படியே செல்லின் கழிவைச் செரிக்கிற பையான லைசோசோமுக்குப் போகும். மாமாவுக்கு அடிபட்டிருப்பது இந்த வேலை. வழக்கமான பார்கின்சனில் தெரிகிற, யூபிக்விட்டின் நிறைந்த லூயி உருண்டைகள் என்ற புரதத் திரள்கள் பார்க்கின் கெட்டவர்களின் மூளையில் பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் 'புரதம் குவிந்துதான்' என்று சொல்ல முடியாது.

மார்த்தாண்டம்_அக்கா:
மாமியிடம் இதைச் சொல்லு மக்களே. பிள்ளைகளுக்குக் கெட்ட பிரதி ஒன்று கண்டிப்பாகப் போயிருக்கும், ஆனால் மாமியிடமிருந்தும் ஒன்று வந்தால்தான் இந்த நோய். சொந்தத்தில் கட்டியிருந்தால் மாமிக்கும் டெஸ்ட் எடுப்பது நல்லது. மாமாவின் கூடப்பிறந்தவர்களில், உன் அம்மா உட்பட, ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதியும் கெட்டிருக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. லெவோடோபா என்ற பார்கின்சன் மருந்து இந்த வகைக்கு நன்றாகவே கேட்கும், குறைந்த அளவே பலருக்குப் போதும், ஆனால் தன்னையறியாமல் உடம்பு ஆடுகிற பக்கவிளைவு சீக்கிரம் வரலாம். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவமனையில் நரம்பியல் டாக்டரைப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கள்.

தக்கலை_மாணவி:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. இதையே புராஜெக்ட்டாக எடுக்கலாம் என்று இருக்கிறேன். எந்தப் புரதத்தில் யூபிக்விட்டின் ஒட்டியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

ஆய்வக_அண்ணன்:
டிரிப்சின் என்ற நொதி போட்டுப் புரதத்தை வெட்டினால் ஒட்டிய லைசினில் இரண்டு கிளைசின் மிஞ்சும், எடை 114 டால்டன் கூடும். அதைப் பிடிக்கிற ஆன்டிபாடியால் பிரித்தெடுத்து எடை அளக்கிற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஓட்டுவார்கள். யூபிக்விட்டின் மாதிரியே இருக்கும் நெட்8 என்ற புரதம் ஒட்டினாலும் இதே மிச்சம்தான் வரும், அதைக் கவனி. செல்லை உடைக்கும்போதே என்-எத்தில்மாலிமைடு சேர்த்துவிடு, இல்லாவிட்டால் யூபிக்விட்டினைக் கழற்றுகிற நொதிகள் எல்லாவற்றையும் கழற்றிவிடும்.