கழுத்தெலும்பால் தொண்டையில் சிக்கல்: யாருக்காவது அனுபவம் உண்டா?

வணக்கம். சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன், வயது 58. ஒன்பது மாதமாகத் தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போலவே இருக்கிறது. எச்சில் விழுங்கினாலும் தெரியும். நெஞ்செரிச்சல் என்று மாத்திரை கொடுத்தார்கள், பலனில்லை. பலதுறை மருந்தகத்திலிருந்து காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினார்கள். குழாய் விட்டுப் பார்த்தார், புண்ணோ கட்டியோ இல்லை. அப்புறம் எக்ஸ்ரேயில்தான் பிடிபட்டது. கழுத்து முதுகெலும்பில் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு முன்புறம் கிளிமூக்கு மாதிரி எலும்பு வளர்ந்து, உணவுக்குழாயைப் பின்னாலிருந்து அழுத்துகிறது. எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் பேரியம் கரைசலைக் குடிக்க வைத்து எடுத்த படத்தில், வெள்ளைக் கோடு சரியாக அந்த இடத்தில் வளைந்து போகிறது.

கஞ்சி, சொதி ஊற்றிப் பிசைந்த இடியாப்பம் இறங்கிவிடும். பரோட்டா இறங்காது. போன ஞாயிறு தேக்காவில் ஒரு வாய் பிரியாணி சிக்கி, தே ஓ (பால் இல்லாத தேநீர்) ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். மோவாயைத் தாழ்த்தி விழுங்கினால் பரவாயில்லை. அண்ணாந்தால் கட்டாயம் சிக்கும்.

எலும்பைச் செதுக்கி எடுக்கலாம், அவசரமில்லை, யோசியுங்கள் என்கிறார் மருத்துவர். வீட்டில் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சோறு சாப்பிட எத்தனை நாளானது? குரல் கம்மியதா? மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பணம் போகக் கைக்காசு எவ்வளவு? விழுங்கும் பயிற்சியாலேயே சமாளிப்பவர்களும் சொல்லுங்கள். கழுத்தைச் சொடுக்கும் வைத்தியம் மட்டும் வேண்டாம், தயவுசெய்து.