புதுப்பிப்பு: ஒரே கரு, இரண்டு மதிப்பெண்

சோதனைக்குழாய் முறையில் (ஐ.வி.எஃப்) உருவான எங்கள் ஐந்தாம் நாள் கருவுக்குப் புதுச்சேரியில் '4ஏபி' என்று தர மதிப்பெண் தந்தார்கள், படத்தைப் பார்த்த கடலூர் மருத்துவர் '4பிபி' என்றார், யாரை நம்புவது என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது கருவியல் நிபுணரிடமே கேட்டுவிட்டோம்.

எண், கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதற்கு. அதில் அவ்வளவாகத் தகராறு வராதாம். முதல் எழுத்து குழந்தையாகும் உள்செல் திரளுக்கு, அடுத்தது நஞ்சுக்கொடியாகும் வெளியடுக்குக்கு. செல்கள் நெருக்கமா, தளர்வா என்பதைக் கண்தான் தீர்மானிக்கிறது. ஏ, பி எல்லையில் ஆளுக்கு ஆள் மாறும். நுண்ணோக்கியில் குவியத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பவருக்குத் தெரிவதெல்லாம் ஒற்றைப் படத்தில் விழாது. கருக்களைத் தரம்பிரிக்க நிபுணர்கள் ஒத்துக்கொண்ட இஸ்தான்புல் பொது அளவுகோல் 2011-இல் வெளிவந்தும் இது முழுதாகத் தீரவில்லை.

"விடைத்தாள்போல மறுமதிப்பீட்டுக்குப் போடுங்களேன்" என்கிறார் அத்தை! தேவையில்லை. இரண்டுமே கருப்பைக்குள் வைக்கத் தக்க தரம்தான். அடுத்த மாதம் வைக்கிறார்கள்.