புதுப்பிப்பு: யிவூ சரக்கு ஒருவழியாக வந்து சேர்ந்தது

கப்பல் சென்னைக்கு வந்துவிட்டது, பெட்டிகள் மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தேன் அல்லவா? சீனாவின் மொத்தச் சந்தை ஊரான யிவூவில் வாங்கிய ஜிப், பொத்தான் சரக்கு. எல்சிஎல், அதாவது பலர் சரக்கோடு ஒரே கன்டெய்னர். சரி, கைக்கு வந்துவிட்டது.

சப்ளையர் லாரியில் அங்குள்ள நிங்போ துறைமுக ஊரின் கிடங்குக்கு அனுப்பினார். பலர் சரக்கைச் சேர்த்து அனுப்பும் கன்சாலிடேட்டர் அளந்து, எடை போட்டு, எல்லார் சரக்கையும் அடுக்கி சீல் வைத்தார். கடல் பயணத்தில் சொல்ல ஒன்றுமில்லை.

இழுத்ததெல்லாம் கரையில்தான். இந்தக் கன்டெய்னரைத் துறைமுகத்தில் பிரிக்கவில்லை. சீலோடு வெளியே சிஎஃப்எஸ்ஸுக்கு, அதாவது கன்டெய்னரைப் பிரிக்கும் கிடங்குக்குப் போனது. அங்கே முதலில் இறங்கியது கதவோரம் இருந்த யாரோ ஒருவரின் மெஷின் பாகங்கள். என் அட்டைப்பெட்டிகள் உள்கோடியில். பெட்டியின் பக்கவாட்டு மார்க்கை, அதாவது யார் சரக்கு என்ற அடையாளத்தைப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள், அதனால் மார்க்கைப் பெரிதாக, இரண்டு பக்கமும் அடிக்கச் சொல்லுங்கள்.

கப்பல் கம்பெனியிடம் டெலிவரி ஆர்டர் (சரக்கை விடச் சொல்லும் சீட்டு) கேட்கச் சொன்ன நண்பருக்கு: முழு கன்டெய்னருக்கும் அவர்கள் தரும் சரக்குச் சீட்டான மாஸ்டர் பில் கன்சாலிடேட்டர் பெயரில் இருக்கும். நம்மிடம் இருப்பது, நம் சரக்குக்கு மட்டும் கன்சாலிடேட்டர் தந்த ஹவுஸ் பில். கன்சாலிடேட்டரின் சென்னை ஏஜென்ட்தான் ஆர்டர் தர வேண்டும். அது கையில் இருந்து, பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவம் போட்டு, வரி கட்டி, கஸ்டம்ஸ் விட்டால்தான் லாரி உள்ளே போகும்.

அப்புறம் காசு. சரக்கு எத்தனை கன மீட்டர், எத்தனை 1000 கிலோ என்று பார்த்து, எது அதிகமோ அந்தக் கணக்கில் கட்டணம். எனக்குக் கப்பல் கூலியைவிட இங்கே இறக்கும் செலவு அதிகம். அடுத்த ஆர்டருக்குச் சென்னைச் செலவையும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். ஏஜென்ட் இன்னும் பதில் போடவில்லை.