மொரெய்ன் ஏரிக்குப் பனியில் நடந்தே போகலாமா?

கால்கரிக்குக் குடிவந்தவர்கள் முதல் டிசம்பரில் தவறாமல் கேட்பது இது. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் இருக்கும் இந்த ஏரிக்குப் போகும் ரோட்டைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். ரோடு மூடியிருந்தால் என்ன, ஸ்னோஷூ (பனியில் கால் புதையாமல் நடக்க ஷூவில் மாட்டும் அகலப் பட்டை) வாடகைக்கு எடுத்து நடந்துவிடலாமே? நானும் முதல் வருடம் அப்படித்தான் நினைத்தேன். நாம் என்ன மலையா ஏறப் போகிறோம், ரோட்டில்தானே நடக்கப் போகிறோம் என்று.

நாம் ஏற வேண்டாம், மேலே இருக்கும் பனி இறங்கி வரும். அந்த ரோட்டின் ஏரிப் பக்கத்துப் பகுதி பனிச்சரிவுப் பாதைகளின் அடியில் போகிறது. காட்டுக்கு நடுவே வகிடு எடுத்தது போல, மேலிருந்து கீழ்வரை மரமே இல்லாத பட்டை தெரிந்தால் அது சரிவுப் பாதை. கோடையில் போனால் அதன் ஓரத்து மரங்களைப் பாருங்கள். மலையைப் பார்த்த பக்கம் கிளைகள் ஒடிந்து மொட்டையாக இருக்கும்.

குளிர்காலத்தில், பனிச்சரிவு எச்சரிக்கை தரும் அவலாஞ்ச் கனடா இணையதளத்தில் தினமும் 1 முதல் 5 வரை அபாய எண் வரும். மரங்களுக்கு மேலே, மர எல்லையில், அதற்குக் கீழே என்று மூன்று உயரத்துக்கும் தனித்தனி எண். இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். அஞ்சுக்கு மூணுதானே, பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் 3 என்றால், ஆள் கால் வைத்தாலே சரிய வாய்ப்பு அதிகம் என்று அர்த்தம். 5 போட்ட அன்று யாரும் போவதில்லை. வானம் பளிச்சென்று இருக்கும் 3-இல் போய்த்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்த ராக்கீஸ் மலைத்தொடரின் பனியில் இன்னொரு வம்பு உண்டு. அடியில் சர்க்கரை மாதிரி ஒட்டாத பனி, மேலே பலகை மாதிரி இறுகிய பனி. நடக்கும்போது காலடியில் 'உம்ப்' என்று அமுங்கும் சத்தம் கேட்டால் அடி அடுக்கு உடைகிறது. வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

போயே தீருவேன் என்றால் ஏஎஸ்டி 1 என்ற இரண்டு நாள் பனிச்சரிவுப் பாதுகாப்பு வகுப்பை முடித்துவிட்டுப் போங்கள். ஆளுக்கொரு டிரான்ஸீவர் (புதைந்தவர் இருக்கும் இடத்தை சிக்னல் மூலம் காட்டும் கருவி), பனியில் குத்தித் தேடும் மடக்குக் கம்பி, மண்வெட்டி வேண்டும். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு பத்து நிமிடத்துக்குப் பின் மளமளவென்று குறையும். ஹெலிகாப்டர் அதற்குள் வராது, கூட வந்தவர்தான் தோண்ட வேண்டும்.

குழந்தைகளோடு என்றால் என் ஓட்டு அதே பூங்காவில் இருக்கும் ஜான்ஸ்டன் கேன்யன் என்ற பள்ளத்தாக்குக்கு. உறைந்த அருவி, நல்ல நடைபாதை. ஷூவுக்கு அடியில் மாட்டும் முள்பட்டை மட்டும் மறக்காதீர்கள், பாதை முழுக்கக் கண்ணாடி மாதிரி வழுக்கும்.