‘ஓனருக்கு இஷ்டமில்லையாம், சாரி ஆ’: சிங்கப்பூர் அனுபவங்கள்

ஈசூன்காரன்:

வாடகை வீடு தேடும் படலம் எங்களுக்கு இப்போதுதான் முடிந்தது. சொந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குச் சாவி கிடைக்க இன்னும் நாளாகும். இருந்த வீட்டின் ஒப்பந்தமோ முடிந்துவிட்டது. நானும் மனைவியும் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். நான் தேசிய சேவை முடித்தவன், அவள் தாதி. வீடு கிடைப்பதில் என்ன கஷ்டம் என்றுதான் ஆரம்பித்தோம்.

வீடு தேடியவர்களுக்கு அந்த வாட்ஸ்அப் கேள்வி தெரிந்திருக்கும். படத்தைப் பார்த்துவிட்டு ‘இன்னும் இருக்கிறதா?’ என்று கேட்டால், பதிலுக்கு ஒரு பட்டியல் வரும்: எந்த நாடு, எந்த இனம், எத்தனை பேர், என்ன வேலை, எப்போது குடிவருவீர்கள், சமைப்பீர்களா. நிரப்பி அனுப்பியதும் ஒரு ஏஜன்ட் நேராகவே சொன்னார்: ‘ஓனர் நோ இந்தியன், சாரி ஆ.’ கூடவே கை கூப்பும் எமோஜி. அவராவது பரவாயில்லை. மற்றவர்கள் ‘யூனிட் போய்விட்டது’ என்பார்கள். மறுநாள் பார்த்தால் அதே விளம்பரம் புதுப்பிக்கப்பட்டு மேலே நிற்கும்.

அப்படி ‘போய்விட்ட’ ஒரு வீட்டைப் பற்றி என்னோடு வேலை பார்க்கும் சீன நண்பனை விசாரிக்கச் சொன்னேன். அவனும் சிங்கப்பூரர், அவனும் தம்பதியாக இரண்டு பேர் என்றே எழுதினான். அந்தத் தேநீர் இடைவேளைக்குள்ளேயே பதில் வந்துவிட்டது: ‘சனிக்கிழமை பார்க்க வருகிறீர்களா?’ அவனுக்குத்தான் என்னைவிடக் கோபம். இப்படி நடக்கும் என்று கேள்விப்பட்டிருந்தானே தவிர, தன் கைப்பேசியிலேயே பார்த்ததில்லை.

இரண்டு உரையாடல்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, விளம்பரத்தில் இருந்த பதிவு எண்ணோடு சொத்து முகவர்களைக் கண்காணிக்கும் மன்றத்துக்கு (எல்லோரும் சிஇஏ என்பார்களே, அதற்கு) அனுப்பினேன். விசாரித்தோம், முகவருக்கு அறிவுறுத்தினோம் என்று பிறகு பதில் வந்தது. அந்த வீடு எங்களுக்குக் கிடைக்கவில்லை, கிடைத்திருந்தாலும் போயிருக்க மாட்டோம். உங்களுக்கு நடந்ததையும், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். ‘எல்லா நாட்டிலும் இருக்கிறதுதானே’ வகைப் பதில்கள் வேண்டாம், அதை வீட்டிலேயே நிறையக் கேட்டாகிவிட்டது.

பொங்கோல் மீனா:

நான் அந்த ஏஜன்ட் தொழிலில்தான் இருக்கிறேன். தம்பி சொல்வது அத்தனையும் உண்மை. விளம்பரத்தில் இனத்தைக் குறிப்பிட்டு ஒதுக்கக் கூடாது என்று முகவர்களுக்கு விதிமுறை இருக்கிறது. அதனால் ‘இந்தியர் வேண்டாம்’ என்று எழுதுவது குறைந்து, ‘அதிகம் சமைக்கக் கூடாது’ என்று எழுதுவது கூடிவிட்டது. ஓனருக்கு நேரடியாக அப்படி எந்தத் தடையும் இல்லை. தன் வீட்டை யாருக்கு விடுவது என்பது அவர் இஷ்டம். ஓட்டை அங்கேதான்.

கறி வாசனை போகாது, ஆள் சேர்த்துக்கொள்வார்கள், போன தடவை வந்தவர் இப்படிச் செய்தார் என்று காரணங்கள் வரிசையாக வரும். ஒரு ஓனர் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன்: ‘இந்தத் தம்பதி வீட்டில் அடுப்பே பற்ற வைப்பதில்லை, மூன்று வேளையும் கோப்பிக்கடைதான்.’ கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘அப்படியும் வேண்டாம்’ என்றார். அதற்குப் பிறகு நான் மசாலா வாசனையைப் பற்றி யாரிடமும் வாதம் செய்வதில்லை.

இப்போது நான் அனுப்பும் விவரத்தில் இனத்தைப் போடுவதே இல்லை. வேலை, எத்தனை வருட ஒப்பந்தம், எத்தனை பேர், அவ்வளவுதான். எதிர்த்தரப்பு ஏஜன்ட் இனம் என்ன என்று கேட்டால், ‘எதற்கு என்று எழுத்தில் அனுப்புங்கள்’ என்பேன். பெரும்பாலும் பேச்சு அங்கேயே மாறிவிடும். சமையல்தான் கவலை என்றால் ஒப்பந்தத்தில் துப்புரவு விதி சேர்க்கலாம், முன்பணம் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? நேரில் பார்த்ததும் மனம் மாறும் ஓனர்களும் இருக்கிறார்கள். மாறாதவர்களின் வீட்டை எடுத்து நடத்துவதில்லை என்று வைத்திருக்கிறேன். இரண்டு வருட ஒப்பந்தம் என்றால் ஒரு மாத வாடகை கமிஷன், விடும்போது வலிக்கத்தான் செய்யும். சக ஏஜன்டுகள் என்னைப் பைத்தியம் என்கிறார்கள்.

ஜூரோங் அத்தை:

வாடகையை விடுங்கள், விற்கிற கதை கேளுங்கள். 1989ல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒவ்வொரு வீவக புளோக்கிலும் (அடுக்குமாடிக் கட்டடத்திலும்) எந்த இனத்தவர் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு. புளோக் அளவில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் 15 (2010க்கு முன் 13). ஒரே இனம் ஒரே இடத்தில் குவியாமல் இருக்கத்தான், நல்ல நோக்கம்தான். ஆனால் எங்கள் புளோக்கில் சீனர் வரம்பு நிறைந்துவிட்டது, அதனால் நாங்கள் சீனருக்கு விற்க முடியாது. நாட்டில் கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பேர் சீனர் என்றால் மிச்சம் எத்தனை பேர் வாங்க வருவார்கள்? பக்கத்து வீட்டுச் சீனர் நல்ல விலைக்கு விற்றுப் போனார். நாங்கள் குறைத்துத்தான் கொடுத்தோம். இதை இனவாதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நஷ்டம் மட்டும் எங்களுடையது. நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பில் மனு கொடுத்தோம், விற்பதற்குக் கூடுதல் அவகாசம் கிடைத்தது.

கவிதா_உட்லண்ட்ஸ்:

என் மகள் தொடக்கநிலை இரண்டில் படித்தபோது நடந்தது. உணவகத்துக்குப் போக இரண்டு இரண்டு பேராகக் கைகோத்து வரிசையில் நிற்க வேண்டும். இவளுக்கு ஜோடியாக வந்த பெண் தன் ஜாக்கெட் கையை விரல் நுனிவரை இழுத்துவிட்டு, அந்தத் துணி வழியாகத்தான் இவள் கையைப் பிடிப்பாளாம். தினமும். ‘ஏன்மா அப்படி?’ என்று கேட்டதற்கு என் மகள், ‘என் கலர் ஒட்டிக்குமாம்மா’ என்றாள். அழவில்லை. மழை வருகிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

ஆசிரியை, பாவம், ‘குழந்தைகள் விளையாட்டு, கண்டிக்கிறேன்’ என்றார். அந்தக் குழந்தையைத் திட்டி எனக்கு என்ன ஆகப்போகிறது? ‘கறுப்பு அங்கிள் பிடித்துக்கொண்டு போவார், சாப்பிடு’ என்று மின்தூக்கிக்குள் என்னைக் காட்டியே குழந்தைக்கு ஊட்டிய பாட்டியைப் பார்த்திருக்கிறேன் (அங்கிள்தான், என் முடி அப்போது குட்டை). வீட்டில் ஊறுவது பள்ளிக்கு வருகிறது.

நான் கேட்டது வேறு. ஜூலை 21 இன நல்லிணக்க நாளில் வகுப்பில் என்ன செய்கிறீர்கள்? புடவை, சியோங்சாம், பாஜு குரோங் போட்டுப் படம் எடுக்கிறார்கள், முறுக்கு தின்கிறார்கள். 1964ல் அதே தேதியில் கலவரம் வெடித்ததும், செப்டம்பரில் மறுபடியும் மூண்டதும், இரண்டிலும் சேர்த்து 36 பேர் இறந்ததும் பெரிய வகுப்பில்தான் வருமாம். சரி, ஏழெட்டு வயதில் அது வேண்டாம். தோல் ஏன் பல நிறத்தில் இருக்கிறது, அது ஒட்டுமா ஒட்டாதா என்பதையாவது சொல்லலாமே? எழுத்தில் கேட்டேன். அடுத்த தவணையில் தோலுக்கு நிறம் தரும் மெலனின் பற்றி ஒரு பாடம் நடத்தினார்கள். ஜாக்கெட் பெண்ணுக்கு அந்தப் பாடம் ரொம்பப் பிடித்துவிட்டதாம், என் மகளிடம் வந்து ‘உனக்கு மெலனின் நிறைய, வெயிலில் நல்லது’ என்று விளக்கம் வேறு சொல்லியிருக்கிறாள்.

ஷாலினி_கணக்காளர்:

வேலை விளம்பரத்தில் ‘மாண்டரின் பேசத் தெரிய வேண்டும்’. கணக்காளர் வேலைக்கு எதற்கு? ‘எந்தெந்தப் பொறுப்புகளுக்கு மாண்டரின் தேவைப்படும்?’ என்று பணிவாக ஒரு மின்னஞ்சல் போட்டேன். பதில் இல்லை. டாஃபெப்புக்கு (வேலையிடத்தில் நியாயமான நடைமுறைகளுக்காக அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து 2006 முதல் நடத்தும் அமைப்பு) எழுதினேன். மொழி கேட்டால் வேலையோடு அதற்குள்ள தொடர்பைச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வழிகாட்டி. சில வாரத்தில் விளம்பரத்தில் அந்த வரி காணாமல் போனது. நேர்முகத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை, அது வேறு விஷயம்.

2025 ஜனவரியில் வேலையிட நியாயச் சட்டம் நிறைவேறியபோது சந்தோஷப்பட்டேன். பிறகுதான் பார்த்தேன், 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு இப்போதைக்கு விலக்கு. நான் விண்ணப்பித்த இடத்தில் இருந்ததே பத்துப் பதினைந்து பேர். அங்கெல்லாம் பழைய வழிகாட்டிதான்.

புதுக்கோட்டை செல்வம்:

அண்ணே, அக்கா, எல்லாவற்றையும் படித்தேன். வருத்தமாகத்தான் இருக்கிறது. கட்டுமானத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கை காலியாகவே வரும், ஆள் நின்றுகொண்டிருக்கும். அது பழகிவிட்டது. பழகாதது ஒன்று. அறை வாடகைக்கு என்று ஒரு தமிழர் வீட்டுக்குப் போன் செய்தேன். தமிழில் நன்றாகத்தான் பேசினார். ஊர் எது, என்ன வேலை என்று கேட்டார். ‘ஓ, ஒர்க்கரா’ என்றார். அப்புறம், ‘நாங்கள் லோக்கல் ஆட்களுக்கு மட்டும்தான் விடுவது, அதுவும் சீனப் பிள்ளைகள் என்றால் தொந்தரவு இல்லை’ என்றார்.

2008ல் சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் வெளிநாட்டு ஊழியர் விடுதி வரக் கூடாது என்று குடியிருப்பாளர்கள் மனுப் போட்டார்கள் அல்லவா, அதை இங்குள்ள பெரியவர் ஒருவர் எனக்குச் சொன்னார். அந்த மனுவில் தமிழர் கையெழுத்தும் இருந்திருக்குமா என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்.

ஈசூன்காரன்:

செல்வம், உங்கள் கேள்வியைத்தான் இங்கே எல்லோரும் முதலில் படிக்க வேண்டும். நம் ஆட்கள் போடும் ‘சைவம் மட்டும்’ விளம்பரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சமையலறை சுத்தத்துக்காக மட்டும் அப்படிப் போடுவதில்லை என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். எங்கள் புது வீட்டில் ஒரு அறை மிச்சமாகும், வாடகைக்கு விட முடிகிற காலத்தில் யார் கேட்டாலும் வந்து பார்க்கலாம் என்று மனைவியிடம் சொல்லியாகிவிட்டது. அவள்தான் நிபந்தனை போட்டாள்: கழிவறை முறை வைத்துக் கழுவ வேண்டும்.

அன்பு_தேக்கா:

2025 பிப்ரவரியில் இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் வந்ததே, ஓனர் மேல் அதில் புகார் கொடுக்க முடியாதா? புகார் கொடுத்தால் என் பெயர் ஏஜன்டுக்குப் போகுமா?

பொங்கோல் மீனா:

அந்தச் சட்டம் இனப்பகையைக் கிளப்பும் பேச்சு, பதிவு, வெளிநாட்டுத் தலையீடு போன்றவற்றுக்கு, அன்பு. ஒரு ஓனர் வீடு தர மறுப்பது அதற்குள் வராது. ஏஜன்ட் மேல் என்றால் சிஇஏதான். உங்கள் உரையாடலையே ஆதாரமாகக் கொடுத்தால் ஏஜன்ட் ஊகிப்பார், அதை மறைக்க வழியில்லை. விளம்பரத்தின் வரிகள் மட்டும் என்றால் யார் வேண்டுமானாலும் அனுப்பியிருக்கலாம். இரண்டுக்கும் தேதி, நேரம் தெரியும்படி முழுத்திரையாகப் படம் எடுங்கள், வெட்டாதீர்கள். விளம்பரத்தின் இணைப்பையும் நகலெடுத்து வையுங்கள், ஏனென்றால் புகார் போன அன்றே அதைத் தூக்கிவிடுவார்கள். ஏஜன்டின் பதிவு எண் விளம்பரத்தில் இருந்தே ஆக வேண்டும், ஆர் என்று தொடங்கும். எண்ணே இல்லை என்றால் அதையும் தனியாகப் புகாரில் எழுதுங்கள்.