இத்தாலிய அருங்காட்சியகத்தில் சிலையைப் பற்றிக் கேட்பது எப்படி?

நீளமான வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள். அழகாகக் கேட்டுவிட்டால் நமக்கு மொழி தெரியும் என்று நம்பி, கூடத்துக் காவலர் மடமடவென்று கொட்டிவிடுவார். ஒரே சொல்லில் பதில் வருகிற மாதிரி கேளுங்கள். முதலில் ‘புவோன் ஜோர்னோ, ஸ்கூசி’ (வணக்கம், மன்னிக்கவும்). பிறகு ‘ஒரிஜினாலே ஓ கோப்பியா?’ (அசலா, நகலா?). ‘தி கே மாத்தெரியாலே எ?’ என்றால் எதில் செய்தது என்று பொருள். பதில் பெரும்பாலும் மார்மோ (பளிங்கு), ப்ரோன்ட்ஸோ (வெண்கலம்), லேன்யோ (மரம்), தெர்ரக்கோத்தா (சுடுமண்), ஜெஸ்ஸோ (பிளாஸ்டர்) இவற்றில் ஒன்றாக இருக்கும்.

•

செதுக்கியவர் யார் என்பதற்குப் புத்தகங்களில் ‘கி லா ஸ்கொல்பீத்தா?’ என்று இருக்கும். ‘ஸ்தாத்துவா’ (சிலை) பெண்பால் என்பதால் அது சரி. மார்பளவுச் சிலையான ‘பூஸ்தோ’ ஆண்பால். அங்கே ‘ஸ்கொல்பீத்தோ’ ஆகிவிடும். இந்த வம்பே வேண்டாம், ‘கி எ லோ ஸ்குல்த்தோரே?’ (சிற்பி யார்?) எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

காலம் கேட்டால் கவனம் தேவை. ‘க்வத்ரோச்சென்த்தோ’ என்பதில் நானூறு இருக்கிறது, ஆனால் அது 1400களைக் குறிக்கும். அதாவது 15ஆம் நூற்றாண்டு. ‘சிங்க்வெச்சென்த்தோ’ 1500கள். பெயர்ப்பலகையிலோ ரோமன் எண்ணில் நூற்றாண்டே இருக்கும். இரண்டையும் குழப்பினால் நூறு வருடம் தள்ளிப் போய்விடும்.

•

ஃபிளாரன்ஸின் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் ‘தோவெ இல் தாவித்?’ (தாவீது எங்கே?) என்று மொட்டையாகக் கேட்டால், மிக்கெலாஞ்சலோவின் தாவீதைத் தேடுகிறீர்கள் என்று நினைத்து அதே ஊரின் இன்னொரு அருங்காட்சியகமான அக்காதேமியாவுக்கு வழி சொல்லிவிடலாம். அந்தச் சிலை 1873 முதல் அங்கேதான். சின்யோரியா சதுக்கத்தில் நிற்பது 1910இல் வைத்த நகல். பார்ஜெல்லோவிலோ சிற்பி தொனத்தெல்லோ செய்த தாவீதுகளே இரண்டு, இன்னொரு சிற்பி வெர்ரோக்கியோ செய்தது ஒன்று. ‘இல் தாவித் தி தொனத்தெல்லோ, க்வெல்லோ இன் ப்ரோன்ட்ஸோ’ (தொனத்தெல்லோவின் தாவீது, வெண்கலத்தில் உள்ளது) என்று கேளுங்கள். தொப்பியும் காலணியும் தவிர உடம்பில் துணியில்லாமல் நிற்பது அது. வெர்ரோக்கியோவின் வெண்கலத் தாவீது உடையணிந்தவன்.

•

முதலில் சொன்ன ‘ஒரிஜினாலே ஓ கோப்பியா?’ பிளாஸ்டரிடம் செல்லாது. அக்காதேமியாவில் சிற்பி பர்த்தொலீனியின் பிளாஸ்டர் சிலைகளை நெருங்கிப் பாருங்கள்: முகத்திலும் தோளிலும் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள். அம்மை போட்ட மாதிரி இருக்கும். அவை அளவுக்குறிகள், புள்ளிக்குப் புள்ளி தூரம் எடுத்துத்தான் பளிங்கில் கொத்தினார்கள். ஆகவே அது பளிங்குக்கு முந்தியது, நகல் அல்ல. இங்கே கேட்க வேண்டியது ‘மொதெல்லோ ஓ கால்கோ?’. மொதெல்லோ என்றால் சிற்பி தன் பட்டறையில் செய்துகொண்ட முன்மாதிரி. கால்கோ என்றால் முடிந்த சிலையிலிருந்து அச்செடுத்தது.

•

பீடம் காலியாக இருந்தால் ‘இன் ப்ரெஸ்தித்தோ ஓ இன் ரெஸ்தௌரோ?’ (இரவல் போயிருக்கிறதா, சீரமைப்பிலா?). ‘சி புவோ தொக்காரே?’, தொடலாமா என்ற கேள்வியைப் பொதுவாக வாயிலேயே எடுக்க வேண்டாம், காவலர் பதறிவிடுவார். அங்கோனாவில் உள்ள ஓமெரோ அருங்காட்சியகம் விதிவிலக்கு. பார்வையற்றோரை மனதில் வைத்து அமைத்தது; சிலைகளைக் கையால் தடவிப் பார்ப்பதற்கே அங்கே போகிறார்கள்.